துடைப்பதற்கு முன் எழுதுங்கள்: பழைய சேமக்காலையைப் பதிவுசெய்ய ஒரு திருமலை வழிகாட்டி

ஒரு குழந்தையின் கல்லறையை நான் கெடுத்திருக்கிறேன். சிரமதானம் என்று சொல்லி ஒரு ஞாயிறு காலையில் பத்துப் பதினைந்து பேர் மண்வெட்டி, வாளி, கம்பித் தூரிகையோடு போயிருந்தோம். எனக்குக் கிடைத்தது முழங்கால் உயரச் சலவைக்கல். பாசி பிடித்துக் கறுத்திருந்தது. தேய்க்கத் தேய்க்க வெள்ளை வெளேரென்று வந்தது. நண்பகலுக்குள் பல் தேய்த்தாற்போலச் சிரித்தது. சில மழைக்காலங்கள் கழித்துப் போனபோது அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. தூரிகை தோலை உரித்தது, வாடைக்காற்றின் உப்பு மீதியைத் தின்றது. குழந்தையின் பெயரை நான் எங்கும் எழுதிவைக்கவில்லை. வேறு யாரும் எழுதிவைக்கவில்லை.

பழைய சேமக்காலைகளை, அதாவது கல்லறை நிலங்களை, பதிவுசெய்ய இந்த வழிகாட்டியில் சொல்லப்போவதெல்லாம் அந்த ஞாயிறு எங்களுக்குத் தெரியாமல் போனவை. அவற்றில் வரிசைதான் உயிர்: அனுமதி, வரைபடம், படம், எழுத்து, ஆட்களின் நினைவு, ஆவணம், மதிப்பு அறிக்கை. துப்புரவு கடைசியில். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். புல்லை வெட்டி, கல்லைக் கழுவி, வெள்ளையடித்து, பிறகு ஆறுதலாகப் படம் எடுக்கலாம் என்று நினைக்கிறோம். அந்த ஆறுதலில் போய்ச் சேர்ந்த கல்லறைகள் இந்த ஊரில் கொஞ்சமல்ல.

மதிப்பு எங்கே இருக்கிறது

திருமலை என்னும் திருகோணமலையின் பழைய கல்லறைகள் என்றதும் ஊரார் காட்டுவது இரண்டு இடங்கள். ஒன்று எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய பிரித்தானியக் கல்லறைத் தோட்டம். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஆஸ்டின் அங்கேதான் கிடக்கிறார். 1852 ஒக்டோபர் 7 இல், இரண்டாம் பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே வாந்திபேதியில் இறந்து, நம் மண்ணுக்கு வந்து சேர்ந்தவர். மற்றது நிலாவெளி வீதியில் உள்ள இரண்டாம் உலகப் போர்க் கல்லறை. அது பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பொறுப்பில் இருக்கிறது. புல் வெட்டும் ஒழுங்கைப் பார்த்தாலே தெரியும். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்ட கதையை அங்கிருந்து தொடங்கலாம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கொழும்பில் பிறந்து 1908 நத்தார் நாளில் திருமலையில் இறந்த பேர்சி மோல்ஸ்வேர்த், இராணுவப் பொறியியலாளர். இரவெல்லாம் செவ்வாயையும் வியாழனையும் தொலைநோக்கியில் பார்த்து வரைந்தவர். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. நம் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும் என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை. கேட்க வெட்கமாக இருக்கிறது.

பெயர் பெற்றவர்களைத் தேடி ஒரு கூட்டம் வரத்தான் செய்யும். அவர்களுக்காக நான் இதை எழுதவில்லை. ஒரு சேமக்காலையின் பெறுமதி நாலு பெரிய மனிதர்களின் கல்லில் முடிந்துவிடாது. யாருக்குப் பக்கத்தில் யார் கிடக்கிறார்கள், எந்த ஆண்டில் குழந்தைகளின் கற்கள் திடீரென்று கூடுகின்றன, எந்தக் கொத்தனின் கை எத்தனை கற்களில் தெரிகிறது, எந்த மொழி எந்த ஆண்டில் தொடங்குகிறது: இவை தனிக் கல்லில் கிடைக்காதவை. முழு நிலத்தையும் ஒரே ஏடாக வாசித்தால்தான் புலப்படும். ஏட்டிலிருந்து நாலு தாளைக் கிழித்துக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டால் அது மரபுரிமைப் பாதுகாப்பு ஆகாது.

முதற்படி: யாருடைய நிலம், யாருடைய இறந்தவர்

சொல்லிலிருந்தே தொடங்குங்கள். கத்தோலிக்கர் சேமக்காலை என்பர். முஸ்லிம்களுக்கு மையவாடி, அங்கே தலைமாட்டில் நிற்பது மீசான். சைவர்களுக்கு மயானம், சுடலை. பெரும்பாலும் தகனம் செய்வதால் சைவர்களின் கற்கள் குறைவு. குழந்தைகளும் துறவிகளும் புதைக்கப்படுவதுண்டு. கல் இல்லாததால் மரபு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். கன்னியா வெந்நீரூற்றில் இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்ததாகக் கதை. இன்றும் முப்பத்தோராம் நாள் கடனுக்கு அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இறந்தவர்களின் நிலப்படத்தில் ஒரு புள்ளிதான்.

அனுமதி எழுத்தில் வேண்டும். ஆலய நிலமானால் பங்குத் தந்தை அல்லது சபையின் போதகர், மையவாடியானால் பள்ளிவாசல் நிருவாக சபை, பொது மயானமானால் உள்ளூராட்சி சபை. கிராம அலுவலருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கொப்பியும் அளவு நாடாவுமாகப் புதியவர்கள் நிலத்தில் நடந்தால் நம் மாவட்டத்தில் மக்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். காணி போய்விடுமோ என்ற பயம். 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென்று ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்ட பிறகு ‘தொல்பொருள்’ என்ற சொல்லே சந்தேகச் சொல்லாகிவிட்டது. ஆகவே முதல் கூட்டத்தை அலுவலகத்தில் வைக்காதீர்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் இருக்கும் தெருவில், யாராவது ஒரு வீட்டு விறாந்தையில் வையுங்கள். எழுதுகிற தாள் எங்கே போகும், யார் கையில் இருக்கும் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

வான்கமராவை மறந்துவிடுங்கள். கடற்படைத் தளமும் பிரெடெரிக் கோட்டை முகாமும் இருக்கிற ஊர் இது. அனுமதிக்கு அலைகிற நேரத்தில் நிலம் முழுவதையும் காலால் அளந்து முடித்துவிடலாம்.

இரண்டாம் படி: காலமும் கருவியும்

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடை மழை. கல் ஈரத்தில் கறுத்து எழுத்து ஒளிந்துகொள்ளும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று முகத்தில் அனலடிக்கும். மாசி, பங்குனிதான் நல்லது: புல் இன்னும் காயவில்லை, கல் காய்ந்துவிட்டது. கட்டைப் பென்சில், தடித்த அட்டைக் கொப்பி, முப்பது மீற்றர் அளவு நாடா, திசைகாட்டி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, மென்மையான வர்ணத் தூரிகை, மூங்கில் குச்சி, தண்ணீர். மூடிய சப்பாத்து கட்டாயம். புடையன் பாம்பு மரபுரிமை பார்த்துக் கடிப்பதில்லை. பேனை வேண்டாம், வியர்வையில் கரையும்.

மூன்றாம் படி: வரைபடம்

ஒரு மூலையை நிலையான புள்ளியாக எடுங்கள். வாயிற்தூண் நல்லது, வேலிக்கட்டை வேண்டாம், அது நடமாடும். அங்கிருந்து பத்து மீற்றர்ச் சதுரங்களாகக் கயிறு கட்டிப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள கல்லறைகளைத் தாளில் வரையுங்கள். கைத்தொலைபேசியின் இடங்காட்டி நிலத்தின் இருப்பிடத்தைச் சொல்லப் போதும். தனிக் கல்லறைக்குப் போதாது. சில மீற்றர் தள்ளிக் காட்டும், அதற்குள் நாலு பேர் கிடப்பார்கள்.

ஒவ்வொன்றுக்கும் இலக்கம் கொடுங்கள். கல்லில் பெயின்ற் அடிக்காதீர்கள். நிலத்தில் செருகிய குச்சியில் எழுதுங்கள். கல் இல்லாத மேடுகளுக்கும், தனியாகக் கிடக்கும் செங்கல் வரிசைக்கும் இலக்கம் உண்டு. ஊரில் பெயரில்லாமல் கிடப்பவர்கள்தான் அதிகம். அவர்களை விட்டுவிட்டால் உங்கள் வரைபடம் வசதியானவர்களின் வரைபடம் ஆகிவிடும்.

திசையையும் குறியுங்கள். கிறிஸ்தவக் கல்லறைகள் பொதுவாகக் கிழக்கு மேற்காக இருக்கும். தொழுகைத் திசையான கிப்லா இங்கிருந்து மேற்கே, சற்று வடக்குச் சாய்வில் இருப்பதால் முஸ்லிம்களின் கப்ருகள் ஏறத்தாழத் தென்வடலாக நீளும். ஒரு நிலத்தில் சில கல்லறைகள் மட்டும் திசை மாறியிருந்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது. பிரித்தானியர் காலத்து இலங்கை ரைபிள் படையில் மலாய்ச் சிப்பாய்களும் ஆபிரிக்க வம்சாவளிக் காப்பிரிகளும் இருந்தார்கள். எல்லாரும் ஒரே திசையில் படுத்துறங்கவில்லை.

நான்காம் படி: வெளிச்சம்

மங்கிய கல்லை வாசிக்கச் சோக்கட்டி தேய்ப்பார்கள், மாவு பூசுவார்கள். இரண்டும் வேண்டாம், கல்லின் துளைக்குள் போனது வெளியே வராது. கண்ணாடியே போதும். ஒருவர் கல்லின் பக்கவாட்டில் இரண்டு எட்டுத் தள்ளி நின்று, வெயிலைக் கண்ணாடியில் பிடித்து, கல்லின் முகத்தை உரசிச் செல்லும்படி திருப்ப வேண்டும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்து உரசும்போது வெட்டிய பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். அந்தக் கணத்தில் படம் எடுங்கள். வலமிருந்து ஒன்று, இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று.

கண்ணாடி இல்லாவிட்டால் சூரியனுக்குக் காத்திருங்கள். கிழக்கு நோக்கி நிற்கும் கல்லுக்குப் பகல் பதினொரு மணிக்குப் பின், சூரியன் கல்லின் தலைக்கு மேல் ஏறும் நேரம். நிலத்தில் படுத்த கல்லுக்கு விடியலும் மாலையும். மூன்று நாள் திரும்பிப் போனால்தான் சில கற்கள் வாய் திறக்கும். ஒவ்வொரு படத்திலும் அளவுகோலும் இலக்கக் குச்சியும் தெரிய வேண்டும். அழகுக்கு ஒன்று தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

ஐந்தாம் படி: எழுத்து

இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண்.

கல்லில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வரி முடியும் இடத்தில் ஒரு சாய்கோடு. அழிந்த எழுத்துக்குச் சதுர அடைப்புக்குள் புள்ளி. ஊகித்ததைச் சதுர அடைப்புக்குள் எழுதிக் கேள்விக்குறி. பிழை திருத்தாதீர்கள். ‘திரிகோணமலை’ என்று வெட்டியிருந்தால் அப்படியே. கொத்தனுடைய பிழை உங்களுக்குப் பிழை, நாளைக்கு ஒருவருக்குச் சான்று. அவன் எப்படிப் பேசினான் என்பதற்கு வேறென்ன எழுத்து இருக்கிறது?

பழைய தமிழ்க் கற்களில் முதலில் தடுக்குவது எண். ‘௲௮௱௬௰௭’ என்றிருப்பதைப் பார்த்துக் கிறுக்கல் என்று நினைத்தவர்கள் உண்டு. ௲ ஆயிரம், ௮௱ எண்ணூறு, ௬௰ அறுபது, ௭ ஏழு, ஆக 1867. அதன் பின்னால் வால் நீட்டிய ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். மழையில் அழிந்த கல்லில் ௧ உம் க உம் ஒன்றுபோலவே நிற்கும். முன்பின் எழுத்தைப் பார்த்துத்தான் எண்ணா சொல்லா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஆண்டு இலக்கம் இல்லாமல் ‘பிரபவ’ என்று மட்டும் இருந்தால் அறுபதாண்டு வட்டம். 1867, 1927, 1987 மூன்றுமே பிரபவ ஆண்டு தொடங்கிய ஆண்டுகள். எது என்று கல்லின் வகை, எழுத்தின் வடிவம், பக்கத்துக் கல்லறை மூன்றையும் வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். மீசானில் ஹிஜ்ரி ஆண்டு இருந்தால் அதை 0.97 ஆல் பெருக்கி 622 ஐக் கூட்டுங்கள். ஹிஜ்ரி 1300 ஏறத்தாழ 1883 ஆகும். ஓராண்டு முன்பின் இருக்கலாம் என்று பக்கத்தில் குறியுங்கள். அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் அரபு மொழி என்றும் நினைத்துவிட வேண்டாம். அரபு எழுத்தில் எழுதிய தமிழ், அரபுத் தமிழ், நம் முஸ்லிம்களிடம் நெடுங்காலம் வழங்கியது. வாசிக்கத் தெரிந்த மௌலவி ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.

மாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. இலங்கைத் தமிழர், குறிப்பாகக் கிறிஸ்தவர்கள், ஆங்கில மாதத்தையே தமிழ்ப் பெயரால் எழுதி வந்தார்கள்: ஜனவரி தை, ஏப்ரல் சித்திரை, நவம்பர் கார்த்திகை. ஆகவே ‘கார்த்திகை 2’ என்பது நவம்பர் 2, கல்லறைத் திருநாளாகவும் இருக்கலாம். தமிழ்க் கணக்கின்படி அதற்கு இரண்டு வாரம் பிந்திய நாளாகவும் இருக்கலாம். கல்லில் சிலுவையும் ‘இயேசு மரி சூசை’யும் இருந்தால் முதற்கணக்கு, விபூதிப் பட்டையும் ‘சிவமயம்’ உம் இருந்தால் இரண்டாவது என்பது என் வழக்கம். வழக்கம்தான், விதியல்ல.

எழுத்து வடிவத்தை வைத்து ஆண்டு சொல்ல முயல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தும்பிக்கை தூக்கிய பழைய லை, ணை, னை, சுழி போட்ட றா, ணா, னா எல்லாம் பார்த்ததும் ‘மிகப் பழையது’ என்று எழுதிவிடுவார்கள். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததே 1978 இல். இங்கே பழைய வடிவம் அதற்குப் பின்னும் நடமாடியது. புள்ளி இல்லாத மெய், ஒற்றைக் கொம்பே எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் பொதுவாக வருவது, காலும் ரகரமும் ஒன்றாக இருப்பது இவை வந்தால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

ஆங்கிலக் கற்களில் சுருக்கெழுத்துகள் உதவும். ஆர்.என். என்றால் அரச கடற்படை, ஆர்.ஏ. பீரங்கிப் படை, ஆர்.ஈ. பொறியியற்படை. வயதைக் குறிக்க ஏயும் ஈயும் ஒட்டிய ஒற்றை எழுத்து (Æ) வரும். வயதுகளைத் தனித்தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள்: பத்தொன்பது, இருபத்திரண்டு, பதினேழு. துறைமுகத்தின் பெருமை பேசுகிறவர்கள் அந்தத் தாளையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு கைவேலை. சில சலவைக்கற்களில் எழுத்தை வெட்டி அதற்குள் ஈயத்தை அடித்திருப்பார்கள். ஈயம் கழன்றுவிட்டால் மேலே வெறும் முகம்போலத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். ஈயத்தைப் பிடித்து நிறுத்தத் துளைத்த சிறு குழிகள் அகப்படும்: ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று. குழிகளைத் தாளில் புள்ளிகளாகக் குறித்து, மீதமிருக்கும் எழுத்துகளின் குழி வரிசையோடு ஒப்பிட்டால் பெயர் கூடிவரும். ஒரு குடும்பப் பெயரை இப்படி ஒரு மாலை முழுவதும் தடவி எடுத்தேன். கண்டுபிடித்ததும் சத்தமாக வாசித்துவிட்டேன். வேலிக்கு அப்பால் ஆடு மேய்த்த கிழவி திரும்பிப் பார்த்தார்.

ஆறாம் படி: கல்லின் உடல்நிலை

ஒவ்வொரு கல்லறைக்கும் நாலு வரி போதும்: என்ன கல், எங்கே வெடிப்பு, சாய்வு எந்தப் பக்கம், எந்த மரம். பழைய மேடைகள் செங்கல்லால் கட்டி, முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பால் பூசப்பட்டவை. வெடிப்பைக் கண்டதும் சீமெந்து குழைத்து அடைப்பதுதான் நம்மவரின் அன்பு. அது கொல்லும் அன்பு. சீமெந்து பழைய செங்கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய ஈரம் உப்போடு செங்கல்லின் முகத்தால் வெளியேறும். முகம் பொரிந்து உதிரும். பூச்சு மட்டும் உறுதியாக நிற்க, உள்ளே செங்கல் பொடியாகிக் கிடப்பதைத் திருமலையில் எந்தப் பழஞ்சுவரிலும் பார்க்கலாம்.

ஆல், அரச கன்றுகளைப் பிடுங்காதீர்கள். வேர் பாதிக் கல்லறையோடு வரும். தண்டை அடியோடு வெட்டி, துளிர்க்கும்போதெல்லாம் திரும்ப வெட்ட வேண்டும்; பொறுமை தேவை. வெட்டிய புல்லை அங்கேயே குவித்துக் கொளுத்தவும் கூடாது. சூட்டில் சலவைக்கல் வெடிக்கும்.

கல்லறைகளுக்கு இன்றைய பெரிய ஆபத்து காற்றும் மழையும் அல்ல, பாசம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். தாத்தாவின் சுண்ணாம்பு மேடை இடிபட்டு, குளியலறைத் தரைக்குப் பதிக்கும் ஓடுகள் வந்து, பளபளக்கும் கறுப்புக் கல்லில் கணினி எழுத்து ஏறுகிறது. பழைய பெயர்க்கல் குப்பையில். அவர்களைத் திட்டிப் பயனில்லை. தூரத்திலிருந்து செய்யக்கூடியது அதுதான் என்று நினைக்கிறார்கள். பழைய கல்லை எடுக்காமல் கால்மாட்டில் நிறுத்திவிட்டுப் புதியதை வையுங்கள் என்று கேட்டால் அநேகர் சம்மதிக்கிறார்கள். கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஏழாம் படி: நினைவும் ஆவணமும்

முதியவர்களோடு நிலத்தில் நடந்தபடி பேசுங்கள்; வீட்டில் நாற்காலியில் இருந்தால் வராத கதை, கல்லுக்குப் பக்கத்தில் நின்றால் வரும். சொன்னவர், சொன்ன நாள், யாரிடம் கேட்டது என்று குறியுங்கள். பெயரை வெளியிட அவரிடம் அனுமதி கேளுங்கள்.

கேட்டதை ஆவணத்தோடு உரசிப் பார்க்க வேண்டும். கோணேசர் கோவில் மலையில் நிற்கும் தூணை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சினா வான் ரீட் என்ற டச்சுப் பெண், காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்துக் குன்றிலிருந்து பாய்ந்தாள் என்றும், 1687 இல் நட்ட அந்தத் தூண் அவள் நினைவு என்றும் ஊர் சொல்கிறது. அவள் அதற்குப் பின்னும் உயிரோடிருந்து மணம் முடித்தாள் என்று டச்சு ஆவணங்களைக் கொண்டு எழுதியவர்கள் உண்டு. தூணோ பழைய கோவிலின் தூண் என்று கருதப்படுகிறது. இவற்றில் எதையும் நான் தூக்கியெறிய மாட்டேன். கதை ஒரு பத்தி, ஆவணம் ஒரு பத்தி, கல் ஒரு பத்தி. கலக்காமல் எழுதினால் மூன்றும் வாழும்.

தேடும் இடங்கள்: ஆலயத்தின் அடக்கப் பதிவேடு முதலில். கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் டச்சுக்காலத் தோம்புகளும் (காணி, குடும்பப் பதிவேடுகள்) பிரித்தானிய நிருவாகத் தாள்களும் உண்டு. பென்றி லூயிஸ் 1913 இல் தொகுத்து வெளியிட்ட இலங்கைக் கல்லறை வாசகங்களின் பட்டியல் கட்டாயம் பார்க்க வேண்டியது. இன்று அழிந்த கல்லின் வாசகம் அங்கே முழுதாக இருக்கலாம். ஆனால் அதில் பெரும்பாலும் ஐரோப்பியரின் கற்களே. நம்மவரைத் தேட நினைவு மலர்களும் பழைய பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களும்தான் வழி. ‘நூலகம்’ இணையத் தளத்தில் ஏராளமான ஈழத்து வெளியீடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1802 க்குப் பிந்திய படையினரைத் தேடுபவர்கள் இந்தியக் காகிதங்களில் நேரம் போக்க வேண்டாம். இலங்கை 1802 இலிருந்து முடிக்குரிய குடியேற்ற நாடு. அதன் கடிதப் போக்குவரத்து இலண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் குடியேற்ற நாட்டு அலுவலகத் தொகுதியில், சி.ஓ. 54 என்ற வரிசையில் இருக்கிறது.

எட்டாம் படி: மதிப்பு அறிக்கை

ஒரு பக்கம், அதற்கு மேல் யாரும் வாசிக்கமாட்டார்கள். அவுஸ்திரேலியாவில் 1979 இல் உருவான பர்ரா சாசனம், ஓர் இடத்தின் பெறுமதியை அழகு, வரலாறு, அறிவியல், சமூகம் என்று பிரித்துக் கேட்கச் சொல்கிறது. ஆன்மிகமும் பின்னர் சேர்ந்தது. அதை அப்படியே தலைப்புகளாக்கினால் பரீட்சைத் தாள்போல இருக்கும். அந்தக் கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு சாதாரணமாக எழுதுங்கள். ஒரு கற்பனைச் சேமக்காலைக்கு நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

‘இந்த நிலத்தில் 214 அடக்க இடங்கள் பதிவாகியுள்ளன; 61 இல் வாசகம் உண்டு. தமிழ், ஆங்கிலம் இரண்டும் ஒரே கல்லில் வருவன 17. மிகப் பழைய தமிழ் ஆண்டு 1867, தமிழ் எண்ணில். வடக்கு ஓரத்தில் ஒரே கையால் வெட்டிய ஒன்பது குழந்தைக் கற்கள் உள்ளன. மேற்கு மதிலோரம் உள்ள மேடுகளுக்குக் கல் இல்லை. அவை துறைமுகத் தொழிலாளருடையவை என்று மூன்று முதியவர்கள் தனித்தனியாகச் சொன்னார்கள். கல்லறைத் திருநாளன்று இன்னும் நாற்பது குடும்பங்கள் விளக்கேற்ற வருகின்றன.’

பாருங்கள், ‘பாரம்பரியப் பெருமைமிக்க’ என்ற சொல் எங்கும் வரவில்லை. எண்ணிக்கையும் இடமும் பேசும்போது அடைமொழிக்கு வேலையில்லை. தெரிந்ததையும் கேட்டதையும் வேறுபடுத்திக் காட்டுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அடக்க இடங்களையும் புராதன நினைவுச் சின்னத்துக்குள் அடக்குகிறது. அது வைத்த எல்லை, கண்டி இராச்சியம் கைமாறிய 1815 மார்ச் 2. அதற்குப் பிந்தியவற்றையும் வர்த்தமானி அறிவித்தலால் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்க வழி உண்டு. அறிவிக்கப்பட்ட இடத்தில் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் ஒரு செங்கல்லையும் தொட முடியாது. அது பாதுகாப்பும்தான், கட்டும்தான். இன்னும் அடக்கம் நடக்கிற நிலமானால் குடும்பங்களோடு பேசாமல் விண்ணப்பிக்காதீர்கள்.

அறிக்கையையும் படங்களையும் நாலு இடத்தில் வையுங்கள்: ஆலயத்தில் அல்லது பள்ளிவாசலில் அச்சுப் பிரதி, பொது நூலகத்தில் ஒன்று, இணைய நூலகத்தில் ஒன்று, உங்கள் வீட்டில் ஒன்று. ஒரே கணினியில் வைத்த பதிவு, கம்பித் தூரிகைக்குக் கொடுத்த கல் மாதிரி.

ஒன்பதாம் படி: இனிக் கழுவலாம்

எல்லாம் எழுதி முடிந்த பிறகு, உண்மையிலேயே கழுவத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முகம் பொரிகிற கல்லையும், தட்டினால் பொள்ளலாக ஒலிக்கிற கல்லையும் தொடவே வேண்டாம். மற்றவற்றுக்குத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் மட்டும். குளோரின், கழிவறை அமிலம், சவர்க்காரத் தூள் எதுவும் கூடாது. கரையோரக் கிணற்று நீர் உவராக இருந்தால் அதையும் தவிருங்கள். உப்பைக் கழுவ உப்பை ஊற்றுவானேன்? குழாய் நீரோ மழை நீரோ கொண்டு போங்கள். முதலில் கல்லை நன்றாக நனைத்து, கீழிருந்து மேலாகத் தேய்த்து, அடிக்கடி ஊற்றி அலசுங்கள். பாசியை மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பலாம். பாதியில் வெள்ளை வந்தால் நிறுத்துங்கள். பழைய கல் பழையதாகத் தெரிந்தால் என்ன குறை?

அந்தக் குழந்தையின் கல் இன்னும் நிற்கிறது. என் வரைபடத்தில் அதற்கு 38 ஆம் இலக்கம். ‘சலவைக்கல், உயரம் 46 சென்ரிமீற்றர், கிழக்கு நோக்கி, மேற்பகுதியில் மொட்டு ஒன்று செதுக்கப்பட்டுள்ளது, வாசகம் இல்லை’ என்று எழுதி, அதன் கீழே வாசகம் இல்லாமற்போன காரணத்தையும் ஆண்டையும் என் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.